காரின் புளோயர் கப்ளர் ஏன் உருகுகிறது? மாற்றுவது எப்படி?

காருக்குள் காற்றைத் தள்ளிவிடும் விசிறிக்குப் புளோயர் என்று பெயர். ஏ.சி. ஓடும்போது குளிர்ந்த காற்றும், ஏ.சி. இல்லாதபோது வெளிக்காற்றும் இந்த விசிறி வழியாகவே உள்ளே வருகின்றன. இந்தியக் கார்களில் இது பெரும்பாலும் இடப்பக்கம், முன்னிருக்கைப் பயணியின் முழங்காலுக்கு எதிரே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். விசிறியைச் சுழற்றுவது 12 வோல்ட் மோட்டார். அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது ரெசிஸ்டர். ஒயர்களை ரெசிஸ்டரோடு சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பைப் பட்டறைகளில் கப்ளர் என்பார்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத இந்தக் கப்ளர் உருகிக் கருகுவது, சில ஆண்டுகள் ஓடிய கார்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கொட்டாரம் போல் கடற்காற்றும் மழை ஈரமும் மாறி மாறி வரும் ஊர்களில் அதற்கான காரணங்கள் கூடுதலாகவே உண்டு.

வேகம் குறைவது எப்படி?

புளோயர் சுவிட்சில் வழக்கமாக நான்கு வேகங்கள் இருக்கும். நான்காவதில் மோட்டாருக்கு பேட்டரியின் முழு மின்னழுத்தமும் கிடைக்கிறது. மற்ற மூன்றிலும் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போகிறது. ரெசிஸ்டருக்குள் கம்பிச் சுருள்களோ, பீங்கான் தகட்டில் படிய வைத்த மின்தடைப் பாதைகளோ இருக்கும். ஒன்றாம் வேகத்தில் எல்லாத் தடைகளையும், இரண்டாவதில் சிலவற்றையும், மூன்றாவதில் ஒன்றை மட்டும் மின்சாரம் கடக்கிறது. கடக்கும் தடை குறையக் குறைய விசிறியின் வேகம் கூடுகிறது.

மோட்டாருக்குப் போகாமல் மிச்சமாகும் மின்னழுத்தம் ரெசிஸ்டரில் வெப்பமாகிறது. இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.5 வோல்ட். அதில் 6.5 வோல்ட் மோட்டாருக்குப் போய், மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது என்று கொள்வோம். மின்னோட்டம் 7 ஆம்பியர் என்றால் ரெசிஸ்டரில் எழும் வெப்பம் 49 வாட். மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் 25 வாட் பற்றவைப்புக் கோல் இரண்டை ஒன்றாகச் செருகி வைத்த சூடு இது. அதனால்தான் ரெசிஸ்டரைக் காற்றுக்குழாயின் உள்ளே, விசிறிக் காற்று நேராக மோதும் இடத்தில் பொருத்துகிறார்கள். விசிறி தள்ளும் காற்றே ரெசிஸ்டரையும் ஆற்றிவிடுகிறது. காற்று நின்றுபோய்ச் சூடு எல்லை மீறினால் அறுந்துகொள்ள, வெப்ப ஃபியூஸ் ஒன்றும் ரெசிஸ்டரிலேயே இருக்கும்.

உருகுவது ஏன்?

கப்ளருக்குள் பித்தளைப் பின்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. புதிதாக இருக்கும்போது இந்தப் பிடியில் மின்தடை மிகக் குறைவு, ஓம் கணக்கில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆண்டுகள் போகப் போக, கார் குலுங்கும் குலுக்கலில் பிடி தளர்கிறது. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பின்னின் வில்தன்மை சிறிது குறைகிறது. ஈரமும் உப்பும் பட்ட பரப்பில் களிம்பு ஏறுகிறது. இவை மூன்றும் சேர்ந்து இணைப்பின் மின்தடையைக் கூட்டுகின்றன.

மின்சாரம் பாயும் கடத்தியில் எழும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கிய அளவில் இருக்கும் என்பதை 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தார். கப்ளர் உருகும் கதை முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்குகிறது. முழு வேகத்தில் கப்ளர் வழியாக 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். இணைப்பு நல்ல நிலையில் 0.002 ஓம் தடையோடு இருந்தால், அங்கே எழும் வெப்பம் 0.8 வாட். தொட்டால்கூடத் தெரியாது. அதே இணைப்பு கெட்டு 0.05 ஓம் ஆகிவிட்டால், வெப்பம் 17 வாட்டுக்கு மேல் போகிறது. ஈயப் பற்றை உருக்கும் கோலின் நுனியைச் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வைத்ததற்கு ஏறக்குறைய ஒப்பான நிலை இது.

கார்க் கப்ளர்களுக்குப் பயன்படும் நைலான் 66 வகைப் பிளாஸ்டிக் 260 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். அந்த அளவு வருவதற்கு முன்பே அது இளகி, நிறம் மங்கி, நொறுங்கத் தொடங்கும். ஒயரின் மேலுள்ள பி.வி.சி. உறை வழக்கமாக 80 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். கூடு இளகியதும் பின்னின் பிடி மேலும் தளர்கிறது. பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றுவதில்லை?

கப்ளர் கருகிய காரில் ஃபியூஸ் மட்டும் முழுதாக இருப்பதைப் பார்த்துப் பலர் வியப்பதுண்டு. ஃபியூஸ் கவனிப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டுமே. மேலே சொன்ன மோட்டாரை நிலையான மின்தடையாகக் கொண்டு கணக்கிட்டால், கெட்ட இணைப்பின் 0.05 ஓம் சேர்ந்ததும் மின்னோட்டம் 20 ஆம்பியரிலிருந்து சுமார் 18.6 ஆகக் குறைகிறது. கப்ளர் வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஃபியூஸின் சுமை குறைந்துதான் இருக்கிறது. 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு அங்கே வேலையே இல்லை. பிளாஸ்டிக் முற்றிலும் உருகி, ஒயர்கள் ஒன்றோடொன்றோ காரின் உடலோடோ உரசினால்தான் அது அறும்.

கொட்டாரமும் கடற்காற்றும்

கொட்டாரம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி போகும் சாலையில் இருக்கிறது. கடல் சில கிலோமீட்டர் தொலைவுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இந்த மாவட்டத்தை நனைக்கின்றன. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் இந்த மழைகளே ஆதாரம். வயலுக்கு நன்மை செய்யும் இதே ஈரம், உப்புக் காற்றோடு சேர்ந்து கார்களின் மின் இணைப்புகளுக்குப் பகையாகிறது. உப்பு படிந்த பரப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் தகரப் பூச்சு தேய்ந்த பித்தளைப் பின்கள் விரைவில் களிம்பேறும்.

இரண்டாவது காரணம் மரநிழல். வேப்ப மரத்தடியிலோ புளிய மரத்தடியிலோ நிறுத்தும் காரில், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் இலைச் சருகு சேர்கிறது. மழைநீர் வடியும் ஓட்டையைச் சருகு அடைத்தால், நீர் தேங்கிப் புளோயர் பெட்டிக்குள் இறங்கும். ஈரம் மோட்டாரின் தாங்கியில் துரு ஏற்றும். துருப்பிடித்த மோட்டார் சுழலத் திணறி, இயல்பைவிடக் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். காற்றுக்குழாயில் போகும் சருகும், அடைபட்ட கேபின் ஃபில்டரும் ரெசிஸ்டரை ஆற்றும் காற்றைக் குறைத்துவிடும். அந்தச் சூடு ரெசிஸ்டரின் கால்கள் வழியாகக் கப்ளருக்கே வந்து சேரும்.

மூன்றாவது, ஓய்வில்லாத பயன்பாடு. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைப் பயணிகளும் விடுமுறைக் கூட்டமும் கன்னியாகுமரியில் குவியும்போது, வாடகைக் கார்கள் இன்ஜினையும் ஏ.சி.யையும் அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்பதுண்டு. வலுவிழந்த இணைப்பு அந்தச் சமயத்தில்தான் கைவிடும்.

அறிகுறிகள்

‘நாலுல மட்டும்தான் ஓடுது’ என்பது பட்டறைக்கு வரும் வழக்கமான புகார். ரெசிஸ்டரின் வெப்ப ஃபியூஸ் அறுந்தால் ஒன்று, இரண்டு, மூன்று வேகங்கள் போய்விடும். ரெசிஸ்டரின் தடைகளைத் தொடாமல் போகும் நான்காவது மட்டும் மிஞ்சும். ஒரே ஒரு வேகம் மட்டும் இல்லையென்றால், அதற்குரிய பின் கருகியிருக்கலாம். டேஷ்போர்டைத் தட்டினால் விசிறி ஓடுவதும் பள்ளத்தில் இறங்கினால் நிற்பதும் தளர்ந்த பிடியின் அடையாளம். ஏ.சி. துவாரத்தில் பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை வந்தால் காத்திருக்கக் கூடாது. புளோயரை உடனே அணைத்து, காரை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். புகை தெரிந்தால் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும்.

பழைய கப்ளரைக் கழற்றுதல்

முதல் வேலை, சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. ஒயர்களில் மின்சாரம் இருக்கும்போது வெட்டினால் ஷார்ட் ஆகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பயணிப் பக்கத்துக் காற்றுப்பை அதே பகுதியில் இருப்பது. முனையைக் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் விட்டுவிட்டுத்தான் குளோவ் பாக்ஸைத் தொட வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளரும் மஞ்சள் உறையும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைக் கழற்றவோ மீட்டர் வைத்துச் சோதிக்கவோ கூடாது.

பல கார்களில் குளோவ் பாக்ஸை இறக்கினால் ரெசிஸ்டர் கண்ணில் படும். வழக்கமாக இரண்டு திருகுகள் அதைப் பிடித்திருக்கும். சற்று முன்வரை ஓடிய காரில் அது கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால் ஆறவிட வேண்டும். உருகிய கப்ளர் ரெசிஸ்டரோடு ஒட்டிப்போயிருந்தால் பலங்கொண்டு இழுப்பதில் பயனில்லை. ஒயர் அறுந்துதான் வரும். திருகுகளைக் கழற்றி ரெசிஸ்டரையும் கப்ளரையும் சேர்த்தே வெளியே எடுப்பது நல்லது. ஒயர்களை வெட்டும் முன் எந்த நிறம் எந்தப் பின்னில் இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் புதிய கப்ளரின் ஒயர் நிறங்கள் காரின் நிறங்களோடு பொருந்தாமல் போகலாம். நிறத்தை நம்பாமல் பின்னின் இடத்தை வைத்தே சேர்க்க வேண்டும்.

எதை வாங்குவது?

கப்ளரையும் ரெசிஸ்டரையும் ஒருசேர மாற்ற வேண்டும். கருகிய கால்களுள்ள பழைய ரெசிஸ்டரில் புதுக் கப்ளரைச் செருகினால், தடை கூடிய பரப்பு அப்படியே இருக்கும். புதுக் கப்ளரும் சில மாதங்களில் பழையதன் வழியில் போகும். கப்ளரை மாற்றாமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினாலும் இதே முடிவுதான்.

ஒயரோடு சேர்ந்து வரும் கப்ளரில் கவனிக்க வேண்டியது ஒயரின் தடிமன். காரில் உள்ள ஒயரைவிட அது மெல்லியதாக இருக்கக் கூடாது. 20 ஆம்பியர் அளவுக்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர் தேவை. தடித்த உறைக்குள் மெல்லிய கம்பி ஒளிந்திருப்பதுண்டு. வெட்டுமுனையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அது செம்புப் பூச்சிட்ட அலுமினியமாக இருக்கலாம். தகரம் பூசிய செம்புக் கம்பியும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரியும். அலுமினியம் செம்பைவிடக் கூடுதல் தடை உடையது. இந்த வேலைக்கு அது ஆகாது.

புதிய கப்ளரைப் பொருத்துதல்

சூடுபட்ட ஒயரின் செம்பு கறுத்தும், உறை விறைத்தும் இருக்கும். செம்பு பளபளவென்று சிவக்கும் இடம் வரை, உறை வளையும் இடம் வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். கறுத்த கம்பியில் சேர்க்கும் இணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அங்கே தடை மிஞ்சும். எல்லா ஒயர்களையும் ஒன்றாக வெட்டாமல், ஒன்றை வெட்டிச் சேர்த்த பிறகே அடுத்ததைத் தொடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

சேர்ப்பதற்குச் சிறந்த முறை கிரிம்பிங். உறையை 7 அல்லது 8 மில்லிமீட்டர் உரித்து, ஒயரின் அளவுக்கு ஏற்ற உலோகக் குழலுக்குள் இரு முனைகளையும் நுழைத்து, அதற்குரிய கருவியால் அழுத்த வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கினால் அழுத்தம் சீராக விழாது. சூடேற்றினால் சுருங்கி இணைப்பை மூடும் ஸ்லீவை, குழலை அழுத்துவதற்கு முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும். பிறகு அதை நுழைக்க வழியிருக்காது. ஒவ்வோர் இணைப்பையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் மறுபடி செய்ய வேண்டும். உட்புறம் பசையுள்ள ஸ்லீவ், சூடேறியதும் ஒயரைக் கவ்வி ஈரத்தைத் தடுக்கும். கொட்டாரம் பக்கத்துக் கார்களுக்கு இது தேவையான செலவு.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் பட்டறைகளில் வழக்கம்தான். ஆனால் ஈயம் ஊறிய இடத்தில் ஒயர் கம்பிபோல் விறைத்து, குலுக்கலில் முறியக்கூடும். வழக்கமான ஈய-வெள்ளீயக் கலவை 183 டிகிரியில் உருகுவதால், மறுபடி சூடேறினால் இணைப்பே விட்டுவிடும். ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். சூட்டில் டேப்பின் பசை இளகி வழியும், முறுக்கும் தளரும்.

இணைப்புகள் அனைத்தும் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் ஒன்றுக்கு ஒன்று சற்றுத் தள்ளி இருந்தால், கட்டு தடிக்காது. உறை தேய்ந்தாலும் ஒன்றோடொன்று உரசாது. பிறகு ஒயர் கட்டுக்கு உரிய துணி டேப்பைச் சுற்றி, கூரான உலோக விளிம்பு படாதபடி கட்டி வைக்க வேண்டும். கப்ளரைச் செருகும்போது பூட்டு விழும் ‘டிக்’ ஓசை கேட்க வேண்டும்.

சோதிக்காமல் வேலை முடியாது

பேட்டரியை மாட்டி, நான்கு வேகங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். அதோடு நிறுத்திவிட்டால், கப்ளர் உருகியதற்கான காரணம் உள்ளேயே இருந்துவிடலாம். நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றி வைத்து, முழு வேகத்தில் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். காருக்குக் கார் மாறினாலும் இது வழக்கமாக 15 முதல் 25 ஆம்பியருக்குள் இருக்கும். அந்தக் காரின் கையேட்டில் உள்ள அளவைவிடக் கூடினாலோ, விசிறி கீச்சிட்டாலோ, கையால் சுழற்றும்போது கடினமாக இருந்தாலோ மோட்டாரையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்தது மின்னழுத்த வீழ்ச்சி. விசிறி முழு வேகத்தில் ஓடும்போது, கப்ளரின் ஒரு புறத்து ஒயரிலும் மறுபுறத்துப் பின்னிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தால் நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்குக் குறைவாகவே காட்டும். உருகத் தொடங்கிய கப்ளரில் இது 1 வோல்ட்டை நெருங்கும். கால் மணி நேரம் ஓடிய பிறகு கப்ளரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்போடு நிற்க வேண்டும். விரலை எடுக்க வைக்கும் சூடு இருக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

பழுதை மறைக்கும் குறுக்கு வழிகள் மூன்று. ஃபியூஸைப் பெரிதாக்குவது முதலாவது. ஒயரின் தாங்குதிறனுக்கு ஏற்றபடிதான் ஃபியூஸ் அளவு குறிக்கப்படுகிறது. 30 ஆம்பியருக்கான பச்சை ஃபியூஸ் இருந்த இடத்தில் 40 ஆம்பியர் வைத்தால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். கப்ளரைத் தூக்கி எறிந்துவிட்டு ஒயர்களை நேரடியாகச் சேர்த்து, எப்போதும் முழு வேகத்தில் ஓடவிடுவது இரண்டாவது. அறுந்த வெப்ப ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு கம்பியைப் பற்றவைப்பது மூன்றாவது. மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

இதன் விளைவைப் பிரிட்டன் பார்த்திருக்கிறது. தானியங்கி ஏ.சி. இல்லாத வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி கார்கள் பல தீப்பிடித்ததை அடுத்து, 2015-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. புளோயர் ரெசிஸ்டரின் வெப்ப ஃபியூஸில் செய்யப்பட்ட முறையற்ற பழுதுபார்ப்பே காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. 2016-இல் இரண்டாவது முறையாகவும் கார்கள் அழைக்கப்பட்டன. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, நிறுவனம் தாமதமாகச் செயல்பட்டதைக் கண்டித்தது. அதே 2017-இல் அமெரிக்காவில், 2006 முதல் 2011 வரையிலான பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் கார்கள் ஏறத்தாழ 6,70,000 திரும்ப அழைக்கப்பட்டன. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பின் ஒயர்களும் இணைப்புகளும் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்பதே காரணம். விலை உயர்ந்த காரிலும் கப்ளர் கப்ளர்தான்.

தானியங்கி ஏ.சி. உள்ள கார்கள்

வெப்பநிலையைத் தானே சீர்செய்யும் ஏ.சி. உள்ள கார்களில் படிப்படியான ரெசிஸ்டர் இல்லை. அதன் இடத்தில் டிரான்சிஸ்டர் கொண்ட கட்டுப்பாட்டுத் தொகுதி மோட்டாரின் வேகத்தை மாற்றுகிறது. உடலில் அலுமினியச் செதில்கள் உள்ள இந்தத் தொகுதியும் காற்றுக்குழாய்க்குள்ளேயே ஆறுகிறது. மோட்டாரின் மின்னோட்டம் இதன் கப்ளர் வழியாகவும் போவதால், உருகும் காரணமும் மாற்றும் முறையும் ஒன்றே. உத்தரவாதக் காலம் முடியாத காரில் ஒயரை வெட்டுவதற்கு முன் விற்பனை நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேட்பது நல்லது.

வராமல் காக்க

ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு, முன் கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரத்தில் சேர்ந்த சருகை அள்ளிவிட்டு, ஒரு குவளை நீர் ஊற்றி அது வெளியே வடிகிறதா என்று பார்க்க வேண்டும். கேபின் ஃபில்டரைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். செம்மண் சாலையில் ஓடும் காருக்கு அதற்கும் முன்பே. பயணியின் கால்மிதியில் காரணமில்லாமல் ஈரம் இருந்தால், நீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். சர்வீஸுக்கு விடும்போது புளோயர் கப்ளரைக் கழற்றிப் பின்களின் நிறத்தைப் பார்க்கச் சொல்லலாம். பழுப்பேறிய பின்னும் மஞ்சளித்த பிளாஸ்டிக்கும் உருகுவதற்கு முந்தைய நிலை. அந்த நிலையில் மாற்றினால் ஒரு கப்ளரோடும் ஒரு ரெசிஸ்டரோடும் செலவு முடிந்துவிடும்.